எம்ஜிபி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது: ஷாக்கா, ஸ்பிரிங்கா?

கேள்வி: கோபியிலிருந்து ஒரு தம்பி, 10 ஆகஸ்ட் 2024

அண்ணா, வணக்கமுங்க. மாமா வழியில் எங்களுக்கு வந்த 1967 எம்ஜிபி (இரண்டு பேர் உட்காருகிற பழைய இங்கிலாந்து கார்) ஒன்று தோட்டத்துச் சாளையில் எட்டு வருசமாக நின்றது. போன மாசம்தான் ஓட வைத்தோம். இன்ஜின் பழுதில்லை. ஆனால் பின்பக்கம் படுத்துக் கிடக்கிறது, டிரைவர் பக்கம் இன்னும் இறக்கம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் டமார் என்று ஒரு அடி, அப்புறம் நாலு தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பழைய கை வைத்த ஷாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்போதைய குழாய் மாதிரியான டெலஸ்கோப்பிக் போட்டால் உயரமும் வந்துவிடும், ஆட்டமும் நிற்கும், சரிதானுங்களா?

10 ஆகஸ்ட் 2024, இரவு

பாதி சரி. ஆட்டம் ஷாக்கால் வருவது. உயரத்துக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. இந்த வண்டியில் இரண்டு ஷாக்கையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அளந்து பாருங்கள், ஒரு நூல்கூட (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) இறங்காது. பாரம் முழுக்கப் பட்டை ஸ்பிரிங் (அடுக்கி வைத்த இரும்புப் பட்டைக் கட்டு) மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஷாக் என்பது ஸ்பிரிங் துள்ளும்போது கையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிற ஆள், அவ்வளவுதான்.

அந்தக் கை வைத்த ஷாக்கை ஆம்ஸ்ட்ராங் லீவர் ஷாக் என்பார்கள். வார்ப்பிரும்பு டப்பா மாதிரி இருக்கும், இரண்டு போல்ட்டில் சேசிஸோடு பிடித்திருக்கும். வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், கை நுனியில் ஒரு லிங்க், லிங்க்கின் கீழ்முனை ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் தகட்டில். சக்கரம் மேலே போனால் கை மேலே போகும், உள்ளே பிஸ்டன் ஆயிலை ஒரு சின்ன வால்வு வழியாகத் தள்ளும். தண்ணீர் மோட்டார் ஊரான கோவையில் பிறந்தவனுக்கு இதைப் பார்த்தாலே பிடித்துவிடும், சின்னக் கைப்பம்புதான் அது. ஆயில் இருக்கிற வரைக்கும் வேலை செய்யும். எட்டு வருசம் சாளையில் நின்ற வண்டியில் எவ்வளவு ஆயில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டமார் சத்தம் ஷாக்குடையது அல்ல. ஸ்பிரிங் படுத்துவிட்டதால் ஹவுசிங்குக்கும் (பின் ஆக்சில் உள்ளே இருக்கிற கூடு) பாடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறைந்து, மேலே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது.

என்னிடம் இருப்பது 1966, கூரை மடக்குகிற மாடல். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் குடும்பத்திடமிருந்து 2009ல் வாங்கினேன். எனக்கும் பின்பக்கம் இறங்கித்தான் இருக்கிறது, இந்த வருசம் பிரித்துவிடலாம் என்று இருந்தேன், நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று, நான் பிரிக்கப் பிரிக்க இங்கேயே எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். புது ஸ்பிரிங்குக்கு இங்கிலாந்துக்கு எழுதிப்போட வேண்டியதில்லை. லாரி ஊர் நம்முடையது. சங்ககிரியில் கொண்டுபோய்க் கொடுத்தால் பொழுதோட வளைவு ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

(பிற்சேர்க்கை: மேலே இருக்கிற கடைசி மூன்று வரிகளை நம்பிச் செலவு செய்யும் முன் அக்டோபர் வரைக்கும் படித்துவிடுங்கள்.)

11 ஆகஸ்ட் 2024

அளக்கிற விதம் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு வளைவு வரைக்கும் டேப் பிடியுங்கள். சமதரை வேண்டும். ஜாக்கியில் தூக்கி இறக்கிய கையோடு அளக்கவும் கூடாது, பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். பத்தடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, பின்னால் நின்று நாலு அமுக்கு அமுக்கிவிட்டு அளங்கள்.

எனக்கு டிரைவர் பக்கம் முக்கால் இன்ச் குறைவு. வீட்டில் சொன்னேன். "பதினஞ்சு வருசமா அந்தப் பக்கம் நீங்கதானுங்களே உக்கார்றீங்க" என்று பதில் வந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை, இந்த வண்டிகள் பெரும்பாலும் ஒரே ஆளோடுதான் ஓடுகின்றன.

13 ஆகஸ்ட் 2024

பின்னால் அமுக்கிப் பார்த்தேன், இரண்டு முறைதான் ஆடியது, அப்படியானால் ஷாக் நல்லா இருக்கிறதா என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அமுக்குச் சோதனை இப்போதைய காருக்குச் சரி. துருப்பிடித்த பட்டை ஸ்பிரிங் தானாகவே உரசி ஆட்டத்தை நிறுத்திவிடும், ஷாக் செத்துக் கிடந்தாலும் தெரியாது. லிங்க்கைக் கழற்றி, கையை மட்டும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மெதுவாகத்தான் நகர வேண்டும், தேன் சட்டியில் கரண்டி ஆட்டுகிற மாதிரி, மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒரே பிடி. நடுவில் சட்டென்று இரண்டு விரல் தூரம் பிடிப்பே இல்லாமல் போனால் உள்ளே காற்று. முழுக்க லொடலொட என்றால் ஆயிலே இல்லை. அசையவே மாட்டேன் என்றால் உள்ளே துரு.

சந்தேகம் இருந்தால் இடது வலது ஷாக்கை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

13 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

கடைசி வரியை அடித்துவிடுங்கள். இடது வேறு, வலது வேறு, கை நீட்டுகிற திசை மாறும். வேறொரு வண்டி ஞாபகத்தில் எழுதிவிட்டேன்.

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

ஆடி முடிந்தது, வேலையைத் தொடங்கியாயிற்று. காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். மத்தியானம் சாப்பிடுவதற்குள் இரண்டு பக்கமும் இறக்கிவிடலாம் என்று கணக்கு. இப்போது இரவு எட்டரை, ஒரு பக்கம்தான் கீழே வந்திருக்கிறது.

ஸ்போக் சக்கரம் இருக்கிறவர்கள் நடுவில் இருக்கும் காது நட்டைத் தரையில் நிற்கும்போதே செம்புச் சுத்தியலால் தட்டி இளக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஜாக்கி. ஆக்சில் ஸ்டாண்டுகளை ஸ்பிரிங்கின் முன்முனை பிடித்திருக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், சேசிஸுக்கு அடியில் வைத்தேன். ட்ராலி ஜாக்கி ஹவுசிங்குக்கு அடியில் தனியாக. ஹவுசிங்கைத் தொங்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், பிரேக் ஹோஸ்தான் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும்.

ஸ்பேனர் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியில் எல்லாம் அங்குல அளவு. அரை இன்ச் நட்டுக்கு 13 கிட்டத்தட்ட உட்காரும், அதனால் மயங்கிவிடுவோம். ஒன்பது பதினாறுக்கு 14 நுழையாது, 15 போட்டால் சுற்றிக்கொண்டு நட்டின் மூலையை மழித்துவிடும். எனக்கு முன்னால் இந்த வண்டியில் கை வைத்த யாரோ ஒரு புண்ணியவான் நாலு நட்டை அப்படி மொட்டையடித்து வைத்திருக்கிறான். அது நானாகவும் இருக்கலாம், 2011ல் ஒரு தடவை பிரித்த ஞாபகம்.

ஸ்பிரிங்கை ஹவுசிங்கோடு கட்டுகிற யூ போல்ட் நட்டு நாலும் டபிள்யூடி-40க்கு மசிந்தன. லிங்க் மசிந்தது. ஸ்பிரிங்கின் பின்முனை தொங்குகிற ஷேக்கிளில் இருந்த ரப்பர் புஷ்கள், பக்கத்துக்கு நாலு, கருப்பட்டி மாதிரி உதிர்ந்து கையோடு வந்துவிட்டன. முன்முனை போல்ட்தான் ஆளைக் கொன்றது. நட்டு கழன்றது, போல்ட்டும் சுற்றுகிறது, ஆனால் ஒரு நூல் வெளியே வரவில்லை. பார்த்தால் போல்ட் சுற்றவில்லை, புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டு, குழாயும் சேர்ந்து ரப்பருக்குள் சுற்றுகிறது. எத்தனை அடித்தாலும் அந்த ரப்பர் அடியை வாங்கி விழுங்கிக்கொள்கிறது. இரண்டு மணி நேரம் சம்மட்டி அடித்துவிட்டுக் கடைசியில் சின்ன கிரைண்டரை எடுத்தேன். ஸ்பிரிங் கண்ணுக்கும் (முனையில் இருக்கும் வளையம்) பிராக்கெட்டுக்கும் நடுவில் மெல்லிய வட்டைச் செருகி, உள்பக்கம் ஒரு வெட்டு, வெளிப்பக்கம் ஒரு வெட்டு. பிராக்கெட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டது, பெயின்ட் வைத்து மறைத்துவிட்டேன், மனசில் மறையவில்லை.

19 ஆகஸ்ட் 2024

கேஸ் வைத்துச் சூடு காட்டியிருக்கலாமே என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில் தொங்குகிறது. வேண்டாம். பிரேக் பைப்பும் பக்கத்திலேயே ஓடுகிறது. கிரைண்டர் பொறி பறப்பதற்கே நான் ஈரச் சாக்கு போட்டு மூடி, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் வெட்டினேன்.

25 ஆகஸ்ட் 2024

சங்ககிரி போய் வந்தேன். இரண்டு ஸ்பிரிங்கையும் ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு போனேன், கண்டக்டர் லக்கேஜ் போட்டார், சரி.

பட்டறை வைத்திருக்கிறவருக்கு எழுபது வயசு இருக்கும். பத்துப் பட்டை பன்னிரண்டு பட்டை லாரிக் கட்டுகளுக்கு நடுவில் என்னுடைய ஐந்து பட்டைக் கட்டை வைத்தபோது அது அரைஞாண் கயிறு மாதிரி இருந்தது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது குட்டியானைக்குங்களா?" என்றார். எம்ஜி கார் என்றேன். "அந்த ரெண்டு பேரு உக்கார்ற வண்டிங்களா. அதுல என்னத்த ஏத்துவீங்க?" என்னைத்தான் ஏற்றுகிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சென்டர் போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைப் பிரித்தார். மெயின் பட்டையைத் தரையில் வைத்துச் சாக்பீஸால் அதன் வளைவைக் கோடு இழுத்தார். பிறகு அந்தக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு, அளவெடுக்காமல், ஒரே இழுப்பு. "இத்தன ஏத்துனாப் போதுமுங்களா?" அதுதான் அவருடைய டிராயிங். பட்டறைக்கல்லில் சாய்த்து வைத்து ஒரு பையன் பட்டையை நகர்த்திக்கொண்டே போக அவர் அடித்துக்கொண்டே வந்தார், ஒரு விரற்கடைக்கு ஓர் அடி, ஒரே கனம், ஒரே சத்தம். அவ்வப்போது தூக்கிக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். சூடு காட்டவில்லை, பச்சையாகவே அடித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இரண்டாம் பட்டை தேய்ந்திருக்கிறது, ஒன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிப் பழைய ஜீப் பட்டை ஒன்றை எடுத்து வெட்டினார். அகலம் அச்சு அசலாக அதே ஒன்றே முக்கால் இன்ச். பக்கத்துக்கு ஒன்று சேர்ந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

1 செப்டம்பர் 2024

இன்றைக்கு ஷாக். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வைஸில் நிமிர்த்திப் பிடித்து, மேலே இருக்கும் பிளக்கைத் திறந்தேன். வலது ஷாக்கில் இருந்து கால் டம்ளர் கறுப்புச் சாறு வந்தது, இடதில் அதுவும் இல்லை. பைக் முன் போர்க்குக்கு ஊற்றுகிற ஆயில், 20 கிரேடு, அதைத்தான் ஊற்றினேன். நிறையப் பேர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். மளமளவென்று ஊற்ற முடியாது. கொஞ்சம் ஊற்றி, கையை முழு வீச்சுக்கு மேலும் கீழும் ஆட்ட வேண்டும். களக் களக் என்று காற்று வெளியே வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். முப்பது நாற்பது தடவை ஆட்டிய பிறகு திடீரென்று கை கனக்க ஆரம்பிக்கும் பாருங்கள், ஒரு பொருள் உயிரோடு வருவது என்றால் அதுதான்.

பிரேக் ஆயில் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கியர் ஆயிலும் வேண்டாம், கட்டை மாதிரி ஆகிவிடும்.

வலது சரியாகிவிட்டது. இடதில் கை உள்ளே நுழைகிற தண்டு ஓரமாக ஆயில் கசிகிறது. தண்டில் ஆட்டம், புஷ் தேய்ந்திருக்கிறது. இங்கே கணபதியில் எனக்கு ஒரு லேத் இருக்கிறது, பம்புக்குப் புஷ் கடைந்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன், இதற்குப் புதுசு வாங்கினால் கேவலம் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. கன்மெட்டலில் கடைந்து, ரீமர் விட்டு, ஓரத்தில் ஓர் ஆயில் சீலுக்கு இடம் வெட்டிப் போட்டேன். பொழுதன்னிக்கும் அதுதான் வேலை. கையை வெளியே இழுக்கத் தண்டைப் பிரஸ்ஸில் தள்ள வேண்டும், மறுபடி போடும்போது கை இருந்த கோணம் மாறக் கூடாது, உளியால் இரண்டிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு பிரியுங்கள். நான் வைக்க மறந்து இரண்டு முறை போட்டேன்.

8 செப்டம்பர் 2024

எல்லாம் மாட்டியாயிற்று. வண்டியைக் கீழே இறக்கினேன். பின்பக்கம் ஆகாயத்தில் நிற்கிறது. சண்டைக்குப் போகிற சேவல் மாதிரி. ஹெட்லைட் முன்னால் போகிறவர் காலைத் தேடுகிறது.

கோபித் தம்பி சிரிப்புப் பொம்மை ஏழு போட்டிருக்கிறார், எண்ணி வைத்திருக்கிறேன்.

9 செப்டம்பர் 2024

விடியற்காலம் மூன்று மணிக்கு முழிப்பு வந்து, படுக்கையிலேயே தப்பு தெரிந்துவிட்டது. ஹவுசிங் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே முன்முனை போல்ட்டையும் ஷேக்கிளையும் முழு முறுக்கு முறுக்கிவிட்டேன். அந்தப் புஷ்ஷில் ரப்பர் சுற்றாது, முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் குழாய் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ அதுதான் அதற்கு இயல்பான நிலை. தொங்கும்போது இறுக்கினால், வண்டி கீழே உட்காரும்போது ரப்பர் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தன் பாரத்தில் நிறுத்தி, உருட்டி, அமுக்கி, அப்புறம்தான் கடைசி முறுக்கு. இது எனக்குத் தெரிந்த விஷயம், மற்றவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

காலையில் காபிக்கு முன்னாலேயே போய் இளக்கினேன். அரை இன்ச் இறங்கியது. நட்டை இளக்கும்போது கிரீச் என்று அது மூச்சு விட்ட சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டதாம்.

இன்னும் அரை இன்ச் அதிகம்தான். புதிதாக வளைவு ஏற்றியது, ஓட ஓடப் படியும்.

22 செப்டம்பர் 2024

படியவில்லை. பொள்ளாச்சி வழியாக ஆழியாறு, அங்கிருந்து வால்பாறை மேலே 40 கொண்டை ஊசி. போகும்போது சந்தோசம், ஷாக் இரண்டும் தங்கம், வளைவில் பின்பக்கம் கொஞ்சம்கூட அலையவில்லை. ஆனால் ரோட்டில் ஒரு வெட்டு ஒட்டு வந்தால் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம். பதினோராவதோ பன்னிரண்டாவதோ வளைவில் கொஞ்சம் கல் கிடந்தது, பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகத் துள்ளிப் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்ந்தது. வியர்த்துவிட்டது. இறங்கும்போது லாரிக்குப் பின்னாலேயே வந்தேன்.

வீட்டுக்கு வந்து வெர்னியர் எடுத்தேன். என் பட்டை ஐந்தரை மில்லி. அந்த ஜீப் பட்டை ஏழு மில்லி. ஒன்றரை மில்லிதானே என்று தோன்றும். பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும், ஏழை ஐந்தரையால் வகுத்து, வந்ததை மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒரு பட்டை சேர்த்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு சேர்த்திருக்கிறேன். நீளம் குட்டை என்பதைக் கழித்தாலும் அதிகம். இரண்டு ஆளும் ஒரு பையும் போகிற வண்டிக்கு ஜல்லி லாரி ஸ்பிரிங்.

பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. என்னத்த ஏத்துவீங்க என்று சரியான கேள்வியைத்தான் முதலில் கேட்டார், நான்தான் வேடிக்கையாகப் பதில் சொன்னேன்.

29 செப்டம்பர் 2024

ஜீப் பட்டையை எடுத்துவிட்டேன். உயரம் நச்சென்று இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரு நூல் வித்தியாசம். ஓட்டம் பஞ்சு. இனி இந்த இழையில் எழுத ஒன்றுமில்லை.

13 அக்டோபர் 2024

இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கும்போது கை உயரம் இடித்தது, டேப்பை எடுத்தேன். இரண்டு வாரத்தில் டிரைவர் பக்கம் அரை இன்ச், மறுபக்கம் கால் இன்ச் இறங்கியிருக்கிறது. பழைய இடத்துக்கே மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் ஆகஸ்ட் 10ல் எழுதியதை மாற்றிச் சொல்கிறேன். ஸ்பிரிங் பட்டை சிலிக்கான் மாங்கனீசு ஸ்டீல். அதற்கு வளைவு நிற்க வேண்டுமானால் செக்கச் சிவக்க, 850 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வளைவில் வைத்து ஆயிலில் முக்கி, மறுபடி குறைந்த சூட்டில் வைத்து டெம்பர் எடுக்க வேண்டும். பச்சையாக அடித்து ஏற்றிய வளைவு, அடித்த இடத்தில் மேல்தோல் மட்டும் நீண்டு வருவது. லாரிக்காரருக்கு அது சரி, இறங்கினால் ஆறு மாசத்தில் மறுபடி கொண்டுவந்து போடுவார், பட்டை தடிமனும் வேறு. ஐம்பது வருசம் களைத்துப்போன மெல்லிய பட்டைக்கு அது நிற்கவில்லை. என் வண்டியில் நிற்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறவர் ஒருவர் அடுப்பு வைத்துச் செய்கிற இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். இருக்கும். ஆனால் மெயின் பட்டையின் கண்ணில் எனக்கு ஒரு மயிரிழைக் கோடு தெரிகிறது. விரிசலா, கீறலா என்று மூன்று நாளாகக் கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். அந்தச் சந்தேகத்தோடு வால்பாறை ஏற மாட்டேன். புதுசு வாங்குகிறேன்.

20 அக்டோபர் 2024

டெலஸ்கோப்பிக் சண்டையை மறுபடி கிளப்பிவிட்டீர்கள். திருப்பூர்க்காரர் தன்னுடைய வண்டியில் போட்டிருக்கிறாராம், அற்புதமாக இருக்கிறதாம், நான் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறேனாம். இருக்கட்டும். அதற்குப் பிராக்கெட் வேண்டும், கிட்டோடு வருகிற ஷாக் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். என்னுடைய இரண்டு ஷாக்குக்கும் செலவு ஒரு பாட்டில் போர்க் ஆயில், இரண்டு அங்குல கன்மெட்டல், ஒரு சீல். பழுதாகித் திருத்தவே முடியாது என்கிறபோது அவர் சொல்வதை யோசிக்கலாம். நன்றாக இருக்கிற ஒன்றைக் கழற்றி எறிவதற்கு மனசு வரவில்லை.

இந்த ஊரில் பழசைக் கழற்றிப் புதுசாக ஒன்றைச் செய்து பார்க்கிற பழக்கம் எப்போதும் உண்டு, அது வேறு. ரேஸ் ஓட்டுநர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டியது இங்கேதான். அந்தக் கார்களைப் பார்த்த பையன்களில் பாதிப் பேர் இன்றைக்கு ஏதோ ஒரு பட்டறையில் கை கறுத்து நிற்கிறார்கள். 1995ல் விமான விபத்தில் போய்விட்டார், 2003ல் செட்டிபாளையத்தில் வந்த டிராக்குக்கு அவர் பெயர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டிச் சத்தம் கேட்டுவிட்டு வருவேன். போன ஞாயிறு அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்துக்கும் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன், அவன் கார்களைப் பார்த்தான், நான் குனிந்து குனிந்து அடியில் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். "தாத்தா, எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

3 நவம்பர் 2024

ஆர்டர் போட்டாயிற்று. போடும் முன் ஒரு வாரம் குழம்பினேன், உங்களுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். இந்த வண்டி 1962 முதல் 1980 வரைக்கும் வந்தது, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பின் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. 1965ல் வந்த ஜிடி, மூடிய கூரை, பின்பக்கம் கனம், அதற்கு விறைப்பான ஸ்பிரிங். அதை மலிவாகக் கிடைக்கிறது என்று திறந்த வண்டியில் போட்டால் என்னுடைய ஜீப் பட்டைக் கதைதான். 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் வைத்தபோது வண்டியையே தூக்கிவிட்டார்கள், அந்த ஸ்பிரிங் போட்டால் மறுபடி சேவல். குரோம் பம்பர், திறந்த மாடல், இந்த இரண்டு வார்த்தையையும் சொல்லி வாங்குங்கள். தம்பி, உங்களுடையது 1967 என்பதால் ஹவுசிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் உருண்டையாகப் பானை மாதிரி இருந்தால் பழைய பேஞ்சோ, பக்கத்துக்கு ஒரு குழாய் செருகினது மாதிரி இருந்தால் புதிய டியூப் வகை. திறந்த வண்டிகளில் அந்த வருசத்தில்தான் மாறியது.

புஷ், யூ போல்ட், ரப்பர் தட்டு, ஹவுசிங்கைக் கீழே விழாமல் பிடிக்கிற பட்டை வார், எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கிவிட்டேன். ஸ்பிரிங் விலையைவிட அது வந்து சேருகிற கூலியும் டூட்டியும் அதிகம். வீட்டில் கேட்டபோது பாதிதான் சொன்னேன்.

12 ஜனவரி 2025

நேற்று மாட்டினேன். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று மணி நேரம், போல்ட் எல்லாவற்றிலும் செப்டம்பரில் கிரீஸ் தடவி வைத்த புண்ணியம். முன்முனை போல்ட் உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசி முறுக்கு தரையில்தான்.

மாட்டிய அன்று ஒரு இன்ச் அதிகம், இன்றைக்குப் பெருந்துறை போய் வந்த பிறகு ஆறு நூல். பொறுத்திருக்கிறேன், இந்த முறை எதையும் வெட்டவில்லை, சேர்க்கவில்லை.

23 பிப்ரவரி 2025

இரண்டு நூலில் நின்றுவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. யூ போல்ட் நட்டுகளை ஒரு தடவை மறுபடி இறுக்கினேன், புது ரப்பர் தட்டு அமுங்கியதால் எல்லாமே கால் சுற்று போயின. இதை மறக்காதீர்கள்.

2 மார்ச் 2025

கோபிக்குப் போயிருந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவில் சாளை, உள்ளே இட்டேரி வழியாகத்தான் போக வேண்டும், அந்தத் தம்பி இந்த வண்டியை எப்படி அதில் ஓட்டி வெளியே கொண்டுவருகிறார் என்பதே ஆச்சரியம், சைலன்சர் மண்ணை உழுதிருக்கிறது.

முதலில் ஷாக். லிங்க்கைக் கழற்றினால் கை தொப்பென்று விழுந்தது. இரண்டிலும் ஆயில் இல்லை, ஆனால் தண்டில் ஆட்டமும் இல்லை. வைஸில் பிடித்து ஊற்றி ஆட்டினோம், அரை மணியில் இரண்டும் கனத்துவிட்டன. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், டெலஸ்கோப்பிக் கிட்டுக்கு எடுத்து வைத்திருந்த காசு மிச்சம்.

பிறகு டிரைவர் பக்கம் ஸ்பிரிங். அழுக்கைச் சுரண்டியதும் காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. இரண்டாம் பட்டை சென்டர் போல்ட் ஓட்டையின் குறுக்கே இரண்டாக உடைந்திருக்கிறது. முறிந்த வாயில் பாதி பழைய துரு, பாதி புதிய வெள்ளை. சென்டர் போல்ட்டும் வளைந்து, ஹவுசிங் அந்தப் பக்கம் ஒரு நூல் பின்னால் தள்ளிப் போயிருக்கிறது. எட்டு மாசமாக அவர் அதில்தான் கோபிக்கும் சத்திக்கும் போய் வந்துகொண்டிருந்தார். வண்டியைக் கல் வைத்து நிறுத்திச் சாவியை அவர் அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். ஆர்டர் அன்றைக்கே போனது.

கிளம்பும்போது அவருடைய அப்பாரு வந்து உடைந்த பட்டையைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இதுல ரெண்டு கொடுவாள் வருமுங்க" என்றார். இது மெல்லிசு, லாரிப் பட்டை அளவுக்கு வராதுங்க என்றேன். "பாளை சீவத்தானுங்களே, போதும்." என் பழைய ஸ்பிரிங் இரண்டும் வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு ஆள் அனுப்புகிறாராம், ஜீப் பட்டையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.